குவாட்டர், குடல், எச்.ஐ.வி. - கணக்கில் வராத பெண்கள்

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க மக்களே, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

டாஸ்மாக்கில் விற்கிற ஒரு குவாட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். அப்படின்னா உள்ளே இருக்கிற சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் 14 கிராமை ஒரு 'டிரிங்க்' என்று வைத்திருக்கிறது. ஆக ஒரு குவாட்டர் என்பது 4.3 டிரிங்க்.

அதே நிறுவனம் ரெண்டு கோடு போட்டிருக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் 5 டிரிங்க், பெண் 4 டிரிங்க் தொட்டால் அது மிதமிஞ்சிய குடி. வாரக் கணக்கில் ஆணுக்கு 15, பெண்ணுக்கு 8. நம்ம ஊர் பாஷைக்கு மாத்தினா, ஒரே ஒரு குவாட்டரில் பெண் கோட்டைத் தாண்டிவிடுவாள், ஆண் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நிற்பான். வாரத்துக்கு ரெண்டு குவாட்டர் அடிக்கிற பெண் 'பெருங்குடி' பட்டியலில் வந்துவிடுவாள். ஆண் அந்தப் பட்டியலுக்கு வர மூன்றரை குவாட்டர் வேணும்.

ஒரே சரக்கு, எதுக்கு ரெண்டு கோடு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா வயித்துக்குள்ள போகணும். அங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்களைப் பார்க்கணும். அந்த உடம்பில் எச்.ஐ.வி.யும் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். இதைப் பற்றி நாலைந்து மாசமா கிடைச்சதையெல்லாம் வாசிச்சேன். நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆள்தான் :-) ஆனா வாசிக்க வாசிக்க, இது மருத்துவக் கதையை விட ஒரு வரலாற்றுக் கதையாகத்தான் எனக்குப் பட்டது. எந்தக் காலத்தில், எந்த உடம்பை, யார், எதுக்காகப் பரிசோதிச்சாங்க என்கிற வரலாறு. கொஞ்சம் பெரிய பதிவு. ஒரு டீ சொல்லிட்டு உட்காருங்க.

ஊரிலிருந்தே ஆரம்பிப்போம்

மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் போதும், விளக்கம் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. இப்போ அரசு இராசாசி மருத்துவமனை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுத்துப்பட்டு முழுக்க, அதையும் தாண்டித் தேனி, விருதுநகர், ராமநாதபுரம் வரைக்கும் கடைசி நம்பிக்கை அதுதான். எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து மையமும் அங்கே இருக்கு. குடித்து ஈரல் கெட்டவர்களும் அங்கேதான் வர்றாங்க.

யார் பேரு வச்சிருக்காங்க பாருங்க. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து, நாட்டிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. 1948-ல் அது மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சி அதைத் தளர்த்தியது, 1974-ல் அதே ஆட்சி திரும்ப மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பர் கடைசியில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. மதுவிலக்குக்காரர் பெயரில் ஆஸ்பத்திரி, அரசின் பெயரில் கடை. சரி, அரசியல் ஜல்லி போதும்.

இந்த நீண்ட கதையில் பெண்கள் எங்கே நிக்கிறாங்க? கடைக்கு வெளியே, எதிர்ப்புக் கோஷத்தோடு. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்த நாகம்மையார், கண்ணம்மாள் தொடங்கி, டாஸ்மாக்கை மூடச் சொல்லி அப்பாவோடு தெருவில் இறங்கி எத்தனையோ முறை கைதான நம்ம மதுரை நந்தினி வரைக்கும் அந்த வரிசை நீளம். அவங்க கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா கடைக்கு உள்ளே, அதாவது குடிக்கிறவளாக, பெண் நம்ம வரலாற்றில் இல்லவே இல்லையா? இருக்கா. அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடினதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு (235) இருக்கு. அவன் கள்ளை அவங்களோடு பகிர்ந்துகொண்டதை அதில் எந்தக் கூச்சமும் இல்லாமல் நினைத்துப் பார்க்கிறார். ரெண்டாயிரம் வருஷத்தில் அந்தக் கூச்சமின்மை எங்கேயோ தொலைஞ்சு போச்சு. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 46.7 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் நூற்றுக்கு அரை ஆள் கூட இல்லை. வீட்டு வாசலில் நின்னு, மாமியாரோ பிள்ளையோ காது கொடுக்கிற தூரத்தில், "நீங்க குடிப்பீங்களாம்மா"ன்னு கேட்டா வேற என்ன பதில் வரும்? செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உடம்பு வலிக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்கிற பெண்கள் உண்டு. பாலியல் தொழிலில் வாடிக்கையாளரோடு குடித்தே ஆகவேண்டிய பெண்கள் உண்டு. அந்தப் பட்டியலில் அவங்க விழுறது கஷ்டம்.

1986: ஆறு பெண்கள்

இப்போ எச்.ஐ.வி. பக்கம். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம மாநிலத்தில்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் இதை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். 'அதெல்லாம் மேல்நாட்டு வியாதி' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து 80-க்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளை நிர்மலா எடுத்தார். கையுறை கிடையாது, தனி வசதி எதுவும் கிடையாது. மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலைசா சோதனை செய்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிப்படுத்திய பிறகு, அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே மே மாதம் சட்டசபையில் அறிவித்தார்.

அந்த வேலையின் துணிச்சலுக்குப் பெரிய சல்யூட். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் இறக்கும் வரைக்கும் இதே வேலையாகத்தான் இருந்தார்.

அந்த ஆறு பெண்களுக்கு என்ன கிடைச்சது? அவங்க ரத்தம் நாட்டுக்குச் செய்தி. அவங்களுக்குக் கொடுக்க அப்போ மருந்தே கிடையாது. அடுத்த சில வருஷங்களில், எச்.ஐ.வி. இருக்கு என்பதாலேயே தண்டனைக் காலம் முடிந்தும் பெண்களைக் காப்பகத்தில் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. 'பரப்புகிறவள்' என்ற தலைப்பில்தான் பெண் இந்தக் கணக்கில் முதல் வரவு ஆனாள்.

புள்ளிராஜாவும் வைன்ஷாப்பும்

தொண்ணூறுகளில் படம் மாறியது. ஒய்.ஆர்.ஜி. கேரில் 2000-ம் ஆண்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களின் விவரம். பத்தில் எட்டுப் பேர் இல்லத்தரசிகள். பத்தில் ஒன்பது பேர் பக்கம், வாழ்க்கையில் ஒரே ஆணோடுதான் உறவு என்று சொன்னவர்கள். கட்டின புருஷனிடமிருந்து வந்தது. 1998-ல் பி.கௌசல்யாவும் சில பெண்களும் சேர்ந்து எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கணவன் மூலம் தொற்று வந்து, இளம் வயதிலேயே விதவையாகி, புகுந்த வீடு கைவிட்ட பெண்கள் அவங்க. இப்போ பெண் ரெண்டாவது தலைப்பில் வந்தாள்: 'அப்பாவி மனைவி'.

அரசின் பிரசாரம் அதனால் ஆண்கள் மேல் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் புள்ளிராஜா. அவருக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று ஊரே பேசிச்சு. என் வயசுக்காரங்களுக்கு அது மங்கலான ஞாபகம்தான், அண்ணன்மாருக்கு மனப்பாடம் :-) அதே காலத்தில் சென்னையில் இன்னொரு பெரிய முயற்சி நடந்தது. அமெரிக்க மனநல நிறுவனத்தின் பணத்தில் சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என்று ஐந்து நாடுகளில் ஒரு தடுப்பு ஆய்வு. இந்தியாவில் ஒய்.ஆர்.ஜி. கேரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன. எங்கே தெரியுமா? வைன்ஷாப்புகளில்!

யோசனை ரொம்ப எளிமை. குடிசைப் பகுதி வைன்ஷாப்புக்குத் தினம் வர்ற கூட்டத்தில் நாலு பேர் மதிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார் இல்லையா, அவருக்குப் பயிற்சி கொடுத்து, பேச்சுவாக்கில் நண்பர்களிடம் ஆணுறை பற்றிப் பேச வைப்பது. குடி தலைக்கேறினால் ஆணுறை ஞாபகம் வராது, அதனால் குடிக்கிற இடத்திலேயே பிடிப்போம் என்கிற கணக்கு. 2010-ல் முடிவு வந்தது. பயிற்சி கொடுத்த இடத்திலும் கொடுக்காத இடத்திலும் ஆபத்தான பழக்கங்கள் குறைந்திருந்தன, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குடியையும் எச்.ஐ.வி.யையும் சேர்த்து யோசிச்ச முக்கியமான முயற்சி அது.

ஒன்றை மட்டும் கவனிங்க. இங்கே குடி என்பது 'நடத்தை'. குடித்தால் என்ன செய்வான் என்பதுதான் கேள்வி. குடி உடம்புக்குள் போய் அந்தக் கிருமியோடு சேர்ந்து என்ன செய்யும், அதுவும் பெண் உடம்பில் என்ன செய்யும் என்ற கேள்வியை அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் எடுக்கவில்லை.

குடலில் நடந்த யுத்தம்

எச்.ஐ.வி.யை நாம ரத்த வியாதி என்றே நினைச்சுப் பழகிட்டோம். ஆனா அதன் முதல் பெரிய யுத்தகளம் குடல். நம்ம நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டித்தான் முகாம் போட்டிருக்கு. 1984-லேயே நியூயார்க்கில் டொனால்ட் காட்லர் என்ற டாக்டர் எய்ட்ஸ் நோயாளிகளின் குடல் சிதைந்திருப்பதைப் பார்த்து எழுதினார். 1998-ல் குரங்குகளில் தெளிவாகத் தெரிந்தது: கிருமி உள்ளே வந்து சில வாரங்களிலேயே, ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை பெரிதாகக் குறையும் முன்பே, குடலில் அந்தச் செல்கள் கூண்டோடு காலி. 2006-ல் ஜேசன் பிரெஞ்ச்லியும் டேனியல் டூக்கும் அடுத்த துண்டைப் பொருத்தினார்கள். காவல் போன குடல் சுவர் வழியாக பாக்டீரியாக்களின் உறைத் துண்டுகள் ரத்தத்தில் கசிகின்றன. உடம்பு அதைப் பார்த்து நிரந்தரமாக 'உஷார்' நிலையிலேயே இருக்கிறது. ஓயாத அந்த உஷார்தான் வருஷக்கணக்கில் ஆளை அரிக்கிறது. மருந்து எடுத்தாலும் இந்தக் கசிவு முழுசாக அடைவதில்லை.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்ட கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியது. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். வியாதியே இல்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும், சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற நீட்டல்கள் மேல்நாட்டுக்காரர்களுக்கு இருப்பதைவிட மழுங்கியிருந்ததை அந்தக் குழு கண்டது. நல்ல தண்ணி இல்லாத ஊரில் குடலின் தொடக்கநிலையே வேற.

2004-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு ஆய்வை வெளியிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் பிரிவு வைத்திருந்த நிறுவனம் அது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் மாத்திரையைக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வருது என்று பார்த்தார்கள். குடல் எப்படி உறிஞ்சுகிறது என்று அளக்க ஒரு வகைச் சர்க்கரையையும் குடிக்கக் கொடுத்தார்கள். முடிவு: மாத்திரை ஒழுங்காக உறிஞ்சப்படவில்லை. விழுங்கிய மருந்தும் ரத்தத்துக்குப் போன மருந்தும் ஒண்ணு இல்லை. குடல் சரியில்லைன்னா மருந்துச்சீட்டு வெறும் காகிதம்.

அதே சுவரை மதுவும் இடிக்குது

இப்போ குவாட்டரை இங்கே ஊத்துங்க. குடல் சுவர் என்பது ஒரே ஒரு அடுக்குச் செல். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கிற பூட்டுகள் உண்டு. ஆல்கஹால் உடைந்து வருகிற அசிடால்டிஹைடு அந்தப் பூட்டுகளைத் தளர்த்தும். எச்.ஐ.வி. உள்ளே காவலைக் கொல்லுது, மது வாசலைத் திறந்து விடுது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் கன்னம் வைக்கிறாங்க. கசிந்த சரக்கு முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு.

உள்ளே குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள். சிகாகோவில் ஏஜே முட்லு என்ற பெண் ஆய்வாளர் குழு 2012-ல் குடி அடிமைகளின் பெருங்குடல் பாக்டீரியாக்களையும், 2014-ல் எச்.ஐ.வி. உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்தது. ரெண்டிலும் சாதுவான குடித்தனக்காரர்கள் குறைந்து, வம்புக்காரக் கூட்டங்கள் தலைதூக்கியிருந்தன.

பெண் உடம்பில்? 1990-ல் மாரியோ ஃப்ரெஸ்ஸா, சார்லஸ் லீபர் குழு ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதியது. மது ரத்தத்துக்குப் போகும் முன்பே அதில் கொஞ்சத்தை உடைக்கிற ஒரு நொதி இரைப்பையில் இருக்கு. பெண்களில் அதன் வேகம் ஆண்களை விடக் குறைவு. குடிக்கு அடிமையான பெண்களில் இந்த முதல்கட்ட உடைப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வயதைப் பொறுத்து இந்த வித்தியாசம் மாறும் என்று பின்னால் வாதங்கள் வந்தன. ஆனால் இன்னொரு காரணத்தில் தகராறே இல்லை. ஆண் உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர், பெண் உடம்பில் சுமார் 50. ஒரே எடை, ஒரே குவாட்டர் என்றாலும் அவள் ரத்தத்தில் அது கெட்டியாக நிற்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ரொனால்ட் தர்மனின் ஆய்வகத்தில் பெண் எலிகளுக்கு மது கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளை விட ஈரல் சீக்கிரம் கெட்டது. குடலிலிருந்து வரும் பாக்டீரியாத் துண்டுகளுக்கு ஈரலின் காவல் செல்கள் எவ்வளவு கோபப்படணும் என்பதை ஈஸ்ட்ரோஜன் கூட்டுகிறது. ஹார்மோனுக்கும் பாக்டீரியாவுக்கும் இது ஒருவழிப் பாதையும் இல்லை. 2013-ல் ஆண் எலியின் குடல் பாக்டீரியாவைக் குட்டிப் பெண் எலிக்குக் கொடுத்தபோது அதன் டெஸ்டோஸ்டிரோன் கூடியது, வரவேண்டிய சர்க்கரை வியாதி தள்ளிப் போனது. ஆண், பெண் வித்தியாசம் குடலின் குடித்தனக்காரர்கள் வரைக்கும் போகுது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆண் என்பது டிஃபால்ட்

எங்க தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கட்டத்தில் யாரும் எதுவும் நிரப்பவில்லை என்றால் முன்கூட்டியே வச்ச மதிப்பு உட்கார்ந்துகொள்ளும். மருத்துவத்தில் அப்படி உட்கார்ந்த மதிப்பு ஆண் உடம்பு. மூணு உதாரணம் சொல்றேன்.

ஒன்று, கிருமி அளவு. 1998-ல் பால்டிமோரில் இருந்து வந்த ஆய்வு, நோய் அதே வேகத்தில் முற்றும் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை பாதியளவே இருந்தது என்றது. அப்போ மருந்து ஆரம்பிக்கலாமா என்று முடிவு செய்ய இந்த எண்ணையும் பார்த்தார்கள். பெண் 'இன்னும் பரவாயில்லை' என்று காத்திருப்பாள், உள்ளே நோய் ஆண் வேகத்தில் ஓடும். 2009-ல் இதற்கு ஒரு காரணமும் தெரிந்தது. அதே கிருமியைப் பார்த்துப் பெண்ணின் எதிர்ப்புச் செல்கள் அதிகமாகக் கொதிக்கின்றன. கொதிப்பு கிருமியை அடக்குது, ஆனால் நாள்பட்டால் உடம்பையும் தேய்க்குது.

ரெண்டு, நெவிரபின். 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்திய அரசு இலவசக் கூட்டுமருந்து கொடுக்க ஆரம்பித்தபோது அந்தக் கூட்டில் முக்கியமான மாத்திரை. ஈரலைத் தாக்கக்கூடியது. 2005 ஜனவரியில் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது: சி.டி.4 எண்ணிக்கை 250-க்கு மேல் உள்ள பெண்களுக்கு ஈரல் ஆபத்து 12 மடங்கு. ஆண்களுக்கு அந்தக் கோடு 400-ல். ஒரே மாத்திரை, ரெண்டு கோடு. நம்ம ஊரில் அப்போ 200-க்குக் கீழே போன பிறகுதான் மருந்து ஆரம்பித்தார்கள், அதனால் பலர் தப்பித்தார்கள். இன்று டோலுடெக்ராவிர் சேர்ந்த புதிய கூட்டு வந்துவிட்டது. ஆனால் மாத்திரை கடைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் பெண்ணின் கோடு எங்கே என்று தெரிந்தது என்பதை மறக்கக் கூடாது.

மூணு, பிரெவோடெல்லா என்கிற பாக்டீரியா. எச்.ஐ.வி. வந்தால் இது குடலில் பெருகும் என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2016-ல் பார்சிலோனா, ஸ்டாக்ஹோம் குழு கணக்கைத் திருத்தியது. இந்தப் பெருக்கம் எச்.ஐ.வி.யோடு அல்ல, ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களாக இருப்பதோடு சேர்ந்து வருகிறது. முந்தைய ஆய்வுகளில் எச்.ஐ.வி. உள்ள பக்கத்தில் பெரும்பாலும் இருந்தவர்கள் அவர்கள்தான். இந்தியாவில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2019-ல் வந்த ஒரு இந்திய ஆய்வில், தாவர உணவு அதிகம் சாப்பிடும் போபால் பக்கத்து ஆட்களின் குடலில் எச்.ஐ.வி. எதுவும் இல்லாமலேயே பிரெவோடெல்லா ராஜ்ஜியம். மீனும் கறியும் சாப்பிடும் கேரளத்துக்காரர்களிடம் வேற கூட்டம். கறிதோசையும் ஜிகர்தண்டாவும் சாப்பிடுகிற நம்ம ஊர்க் குடலுக்கு எந்த அளவுகோலை வைப்பது? :-)

இப்போ மூன்று வட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர், அதிகம் குடிப்பவர், பெண். நியூ ஆர்லியன்ஸ் நகரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் குழு எச்.ஐ.வி.யோடு வாழும் குடிப்பவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்கிறது, குடல் பாக்டீரியாக்களையும் பார்க்கிறது. ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்கிற வேலை அங்கே மாதிரி இடங்களில்தான் தொடங்கியிருக்கிறது. அங்கேயே மெதுவாக நடக்கிற வேலை. இங்கே தொடங்கவே முதலில் ஒரு பெண் வாயைத் திறந்து 'ஆமா, நான் குடிப்பேன்' என்று சொல்லணும்.

ஏன் சொல்லமாட்டாள்?

இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் நூற்றுக்கு 44 பேர் பக்கம் பெண்கள். பத்து லட்சம் பேர். இவர்களில் யாராவது குடித்தால், அவள் மேலே சொன்ன ரெண்டு தலைப்பிலும் மாட்டிக்கொள்கிறாள். எச்.ஐ.வி.யோடு குடியும் உண்டு என்றால் 'பரப்புகிறவள்' பெட்டிக்குப் போய்விடுவாள். 'அப்பாவி மனைவி'க்குக் கிடைக்கிற கொஞ்சநஞ்சப் பரிவும் போய்விடும். பரிவுக்கே தகுதிச் சான்றிதழ் கேட்கிற ஊரில் அவள் ஏன் உண்மை சொல்லணும்?

சொல்லாததுக்கு விலை இருக்கு. குடித்த அன்னைக்கு மாத்திரை போடக் கூடாது, ரெண்டும் சேர்ந்தால் விஷம் என்று நம்பி, குடித்த நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இதை வெளிநாட்டு ஆய்வுகளில் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை விட்ட நாளில் கிருமி பெருகும், மருந்துக்கு மசியாத கிருமியும் முளைக்கும். ஆண் குடிகாரனிடம் ஆலோசகர் 'தண்ணி அடிச்சாலும் மாத்திரைய விட்றாதப்பா' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார். பெண்ணிடம் அந்தக் கேள்வியே வராது. கேட்டால் கோவிச்சுக்குவாங்களோ என்று ஒரு கூச்சம். ஈரல் வீங்கி வந்த பிறகு காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள்.

எண்பதுகளில் காப்பகத்துப் பெண்களிடம் ரத்தம் எடுத்தோம். தொண்ணூறுகளில் மனைவிகளிடம் கண்ணீர்க் கதை கேட்டோம். 2000-களில் வைன்ஷாப்பில் ஆண்களிடம் ஆணுறை பேசினோம். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் தேவைப்பட்ட வேலைதான், அதனால் உயிர்களும் பிழைத்தன. ஆனால் மூன்று காலத்திலும், குடிக்கிற ஒரு சாதாரணப் பெண், தன் வயிறும் ஈரலும் என்ன பாடுபடுகிறது என்று கேட்டு வந்து உட்கார ஒரு நாற்காலி போடப்படவில்லை. பாக்டீரியாவை எண்ணுகிற மிஷின் வந்துவிட்டது. அந்த மிஷினுக்கு மாதிரி வேணும். மாதிரி கொடுக்க ஆள் வேணும். ஆள் வர, வெட்கப்படாமல் பதில் சொல்ல ஒரு இடம் வேணும். அந்த இடத்துக்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு. கூட்டுமருந்து மையத்தில் பெண்கள் தனியாகப் பேச ஒரு அறை, ஆணிடம் கேட்கிற அதே கேள்வியை அதே குரலில் கேட்கிற ஒரு ஆலோசகர். இவ்வளவுதான்.

அவ்வையார் ஒளிக்காமல் சொன்ன ஒரு விஷயத்தை, மதுரையில் ஒரு பெண் தன் டாக்டரிடம் சொல்ல இன்றைக்கும் பயப்படுகிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கு. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. குறிப்பா இந்தத் துறையில் வேலை பார்க்கிறவங்க யாராவது வாசித்தால் கட்டாயம் எழுதுங்க.

டிஸ்கி 1: இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடிக்கிறவர்களையும் மனுஷராக நடத்தச் சொல்லும் பதிவு.

டிஸ்கி 2: எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவர்கள் யாரையாவது தெரியும் என்றால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். குடித்த நாளாக இருந்தாலும் மாத்திரையை விட வேண்டாம், குடிப்பதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். நோயாளியின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் இருந்து அமலில் இருக்கு. சந்தேகம் கேட்க 1097-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.